வால் அறுந்த வீடியோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காம்பவுண்டில் நாதஸ்வரம் கேட்டால், புதிதாகக் குடிவந்தவர்கள் யார் வீட்டில் விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் பார்க்க மாட்டோம். அது பக்கத்து வீட்டுக் கற்பகத்தின் டிவி. மகள் பவதாரணியின் காதுகுத்து வீடியோ ஓடுகிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளை இப்போது தேனியில் காலேஜ் படிக்கிறது. காது மட்டும் ஞாயிறுதோறும் சுவருக்கு அந்தப் பக்கம் குத்தப்பட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு எரிச்சல் வரும். வாரத்தில் ஒரு நாள் கண்ணசரலாம் என்றால், தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு தலைமாட்டுக்கே வந்துவிடும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்மா கற்பகம், வேணுங்கிற எடத்துக்கு ஓட்டிவிட்டுப் பாக்கக் கூடாதா?"

"ஓட்டுனா ஓட மாட்டேங்குதுக்கா. ஃபார்வர்டு அமுக்குனா அப்படியே நின்னுருது. பெறகு மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. அவரு பந்தி நடக்கயிலதான் வர்றாரு. அதுவரைக்கும் உக்காந்து பாத்தாத்தான் உண்டு."

அவர் என்றது மகாராஜனை, அவள் புருஷனை. மாரடைப்பில் போய் மூன்று வருஷமாகிறது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

கற்பகத்துக்குச் சொந்த ஊர், எங்கள் போடிக்குப் பக்கத்திலுள்ள சிலமலை. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவள், இன்றைக்கும் போகிறாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் போன ஜீப்பை ஓட்டியவன் மகாராஜன். எல்லாரும் தூக்குவாளியோடு ரோட்டில் நிற்க, இவள் மட்டும் வீட்டுக்குள்ளிருந்து "இந்தா வர்றேன்" என்று குரல் கொடுப்பாளாம். இந்தாவுக்கும் வருவதற்கும் நடுவில் ஒரு சடை பின்னி முடியும். வண்டியில் இருக்கிற பெண்கள் ஏசுவார்கள். மகாராஜன் மட்டும் என்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு அவள் வீட்டுப் பக்கமே பார்த்திருப்பான். இரண்டு வருஷம் அப்படிக் காத்திருந்தவன், மூன்றாம் வருஷம் பெண் கேட்டு வந்தான்.

அவன் போட்டோ வீட்டில் இரண்டு இருக்கிறது. குரல் இல்லை. கடைசிவரை பட்டன் போன்தான் வைத்திருந்தான். காதுகுத்து வீடியோவில்கூட அவன் எங்கே வந்தான்? வீட்டுக்காரனே எடுபிடி. ஒரே ஒரு இடத்தில் சாம்பார் வாளியோடு குறுக்கே போவான். "எலையப் போடுங்கப்பா" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தனை சொந்தபந்தத்தையும் சகித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் நாதஸ்வரம். அப்படிப் போன ஞாயிறுகளில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆவணியில் அதுவும் கெட்டது. பந்திக்கு முன்னாலேயே படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஆரம்பத்துக்கே திரும்பியது. பவதாரணி வீடியோ இருந்த பென்டிரைவைத் தோழியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். ஃபைல் கெட்டிருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்டது. சரி என்று அமுக்கியும் சரியாகவில்லை. "அவரு குரலு மறந்துபோயிருமோன்னு பயமா இருக்குக்கா" என்று கற்பகம் என்னிடம் அழுதாள். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு மொக்கச்சாமி கடைக்குப் போனேன். அந்தக் காதுகுத்தை வீடியோ எடுத்தவன் அவன்தான்.

மொக்கச்சாமி முதலில் பென்டிரைவ் முனையைத் துடைத்தான், ஊதினான், வேறு கம்ப்யூட்டரில் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஃபைலின் அளவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, சரியா நாலு ஜிபில நிக்குது. நான் குடுத்தது இதவிடப் பெரிசு. இந்தப் பழைய பென்டிரைவ் அதுக்கு மேல ஒரே ஃபைலாத் தாங்காது. யாரு ஏத்துனது?"

"அவருதான் வேற ஏதோ செல்போன் கடையில ஏத்துனாரு" என்றாள் கற்பகம்.

"அவங்க கொண்டவரைக்கும் திணிச்சு விட்டுட்டாங்க. வால் அறுந்துபோச்சு. எந்தக் காட்சி எங்க இருக்குன்னு குறிப்பு பூராம் அந்த வால்லதான் இருக்கும். அது இல்லாம டிவி, மலைக்குப் புதுசா வந்த டிரைவர் மாதிரி. நேராப் போகச் சொன்னாப் போகும். நடுவுல எறக்கி விட்டா, தெச தெரியாம கெளம்புன எடத்துக்கே வந்துரும். இப்ப பென்டிரைவும் சாகப் போகுது."

"நாலு துண்டாப் போட்டுக் குடுத்திருந்தா இந்த வம்பு உண்டா?" என்றேன் நான்.

"நான் அதத்தாங்க்கா சொன்னேன். அண்ணன் கேக்கல. நல்ல காரியத்தத் துண்டு போடக் கூடாது, ஒரே படமாக் குடுன்னாரு. ஒரு ஆளையும் வெட்டக் கூடாதுன்னு வேற."

அது போடியில் எழுதாத சட்டம். சீர்த்தட்டு தூக்கியவர் ஒருவர் வீடியோவில் விடுபட்டால், அடுத்த விசேஷத்துக்கு அந்தக் குடும்பமே வராது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆகவே யாரையும் வெட்டாமல் நீண்ட படம், யாருமே நினைக்காத இடத்தில் வெட்டுப்பட்டது.

மொக்கச்சாமி பீரோவில் துழாவிப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்தான். அது சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்டான். கற்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுப் படமும் அதில் இருந்தது. புது பென்டிரைவைப் பெரிய ஃபைல் தாங்குகிற மாதிரி ஃபார்மட் செய்து, அதில் ஏற்றினான்.

"கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாத்துருவோம்" என்று ஓட்டத்தை ஒரே இழுப்பாக முடிவுக்கு இழுத்தான். படம் நிற்கவில்லை, ஆரம்பத்துக்கும் போகவில்லை.

பந்தி முடிந்த மண்டபம். யாரோ எச்சில் இலைகளைச் சுருட்டுகிறார்கள். கற்பகம் இதுவரை பார்த்திராத காட்சி. தோளில் துண்டோடு மகாராஜன் நேராக கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"தம்பி, எல்லாரையும் எடுத்தாச்சா?"

"ஆச்சுண்ணே."

"எங்க வீட்ல எடுத்தியா? காலைல இருந்து அடுப்படியிலயே கெடக்கா. ஒரு படத்துலயும் வந்திருக்க மாட்டா. இரு, கூப்புடுறேன்." அவன் பக்கவாட்டில் திரும்பினான். "கற்பகம்! இங்கிட்டு வா. ரெண்டு பேரும் சேந்து நிப்போம். வெரசா வா!"

"இந்தா வர்றேன்!" எங்கிருந்தோ கற்பகத்தின் குரல். "பாத்திரத்த ஒப்படைச்சிட்டு வர்றேன்!"

மகாராஜன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். முகத்தைத் துண்டால் துடைத்தான். "வருவா. எப்பவும் இப்படித்தான்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். படம் முடிந்துவிட்டது.

"பெறகு?" என்றாள் கற்பகம்.

"பேட்டரி போயிருச்சுக்கா. அவ்வளவுதான்."

மனசு கேட்காமல் நான்தான் கேட்டேன். "நீ போனியாம்மா?"

"போனேன்க்கா. அதுக்குள்ள குரங்கணியில இருந்து வந்திருந்த சனத்த ஊர்ல விட்டுட்டு வர ஜீப்ப எடுத்துட்டாரு. என்னத்துக்குக் கூப்புட்டாருன்னு அப்புறம் நான் கேக்கவும் இல்ல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காம்பவுண்டில் நாதஸ்வரம் இல்லை. கற்பகம் நேராகக் கடைசிக்கே ஓட்டிவிடுகிறாள். நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகாராஜன், "வெரசா வா" என்று கூப்பிடுவான்.

"இந்தா வர்றேன்" என்று டிவியில் ஒரு குரல் சொல்லும். கூடவே, கொஞ்சம் மெதுவாக, அதே குரல் இன்னொரு தடவை சொல்லும்.