ராஜ்தூத்தின் ஆக்சிலேட்டரும் ஹரிராமின் வலக்கையும்

ஹரிராம் தன் ராஜ்தூத் பைக்கை விற்கப் போனதைப் பற்றி மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மகள் ரம்யாஸ்ரீ வற்புறுத்தியதால் விற்கத் துணிந்தார் என்பது ஒன்று. விலை படியாததால் விற்காமல் விட்டார் என்பது இன்னொன்று. இரண்டும் சரியல்ல. மகள் ஒன்றும் சொல்லவில்லை. விலை பேசவே இல்லை. அன்று காலை நானும் அங்கே நின்றிருந்தேன். நான் பார்க்காததைப் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஹரிராம் சௌராஷ்டிரர். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி போட்டுத் துண்டு நெய்கிறார். அவரும் மனைவி ஸ்வர்ணாவும் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள். மூன்றாம் ஆள் வந்தால் தமிழுக்கு மாறுவார்கள். சண்டையாக இருந்தால் மாறமாட்டார்கள்.

ராஜ்தூத் எழுபத்தெட்டாம் வருட மாடல். அவருடைய அப்பா விட்டுப்போனது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வில்லாபுரத்தில் ஒரு தையற்காரரிடம் இவரே செகண்ட் ஹேண்டில் வாங்கினார். துண்டுக் கட்டுகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உசிலம்பட்டி, எழுமலை வரை போய்க் கடைகளுக்குப் போட்டு வருவார். வாடகை வேன்கள் பெருகிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

போன வருடம் ஆடியில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. தை பிறந்தபோது சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் ஆக்சிலேட்டரைத் திருக முடியவில்லை. பல்லைக் கடித்துத் திருக வேண்டியிருந்தது. திருகியது திரும்பி வரவும் மறுத்தது. பங்குனியில் ஒருநாள் பாலம் ஸ்டேஷன் சாலையில் வண்டி இரைந்துகொண்டே போய் ஒரு தர்பூசணிக் குவியலில் முட்டி நின்றது. பிடியை விட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் மனம் விட்டிருக்கிறது, கை விடவில்லை என்று அவராகவே முடிவு கட்டினார்.

வண்டி முட்டியது வீட்டுக்குத் தெரியும். கை இப்படி என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் இம்மானுவேலிடம் வண்டியைக் காட்டவும் இல்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு குறை கையில்தான் என்று ஆகிவிடும். அதைக் கேட்க ஹரிராமுக்குத் துணிவில்லை. தறியில் எது இறுகினாலும் எண்ணெய் விடுவது அவர் வழக்கம். அதே எண்ணெயைக் கைப்பிடியின் இடுக்கிலும் விட்டார். இன்னும் இறுகியது. இன்னும் விட்டார். கடைசியில், இந்தக் கை இனி வண்டிக்கு உதவாது என்று தீர்மானித்து, எழுமலை அழகுராஜாவுக்குச் சொல்லியனுப்பினார்.

அழகுராஜா பழைய பைக்குகளை வாங்கிக் கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். நல்ல தாட்டியான, பலசாலி ஆள். அவர் வந்ததும், பேச்சுக் கேட்க வேண்டுமே என்று ஸ்வர்ணா தறிகளை நிறுத்தினார். கொட்டகையின் மூலையில், தறிகளுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது.

"வண்டி ஜம்முன்னு இருக்குண்ணே. எங்கூரு கம்மாக்கரையில நிப்பாட்டி மாப்ளையையும் பொண்ணையும் ஏத்திவிட்டா போட்டோ பிச்சுக்கும்" என்றார் அழகுராஜா.

"நிப்பாட்டி வைக்கிறதுக்கா?" என்று கேட்டார் ஹரிராம்.

"ஓட்டவும் செய்வாங்கண்ணே. பத்தடி."

உதைத்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. அழகுராஜா ஆக்சிலேட்டரைத் திருகினார். முகம் சுளித்தது.

"என்னண்ணே இது, இம்புட்டு டைட்டா இருக்கு? எனக்கே கை வலிக்குது."

"என்ன சொன்னீங்க?" என்றார் ஹரிராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இதைச் சொல்லி வெலைய எறக்க மாட்டேன். கல்லு மாதிரி இருக்குன்னேன், அம்புட்டுதான். இங்க பாருங்க, கைய எடுத்தாலும் திரும்ப மாட்டேங்குது."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். வண்டி இரைந்துகொண்டே இருந்தது.

"உங்களுக்கும் திரும்பலையா?"

"யாருக்கும் திரும்பாதுண்ணே."

ஹரிராம் நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழகுராஜா இன்ஜினை நிறுத்தியதும் என்னைப் பார்த்து, "சார், இம்மானுவேலுக்கு ஒரு போனைப் போடுங்க" என்றார்.

இம்மானுவேல் ஸ்பானர் பையோடு வந்தார். "ஒரு வருசமா நம்ம கடைப் பக்கமே காணோமேண்ணே. வேற மெக்கானிக்கப் பிடிச்சுட்டீகளா?"

"வேற டாக்டரைத்தான் பிடிச்சிருந்தேன். கழட்டுப்பா."

கைப்பிடியைக் கழற்றி, உள்ளே சுழலும் குழாயை உருவியபோது அதோடு சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சுருண்டு வந்தது. எண்ணெயில் ஊறி, கம்பளித் துண்டைப் போலக் கெட்டிப்பட்டிருந்தது.

"எலி கூடு கட்டிருச்சா?" என்றார் இம்மானுவேல்.

ஸ்வர்ணா அதை வாங்கி விரலால் பிய்த்துப் பார்த்தார். "எலியுமில்ல ஒண்ணுமில்ல. நம்ம தறிப் பஞ்சு. தெனமும் நான் கூட்டி அள்ளுறதுதான் இது."

நடந்தது இதுதான். முன்பெல்லாம் வண்டி தெருவில் நிற்கும். ஹரிராம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மழையில் நனையக் கூடாதென்று ஸ்வர்ணா அதைக் கொட்டகைக்குள் தள்ளி வைக்கச் சொன்னார். தறி ஓடும்போது பறக்கும் பஞ்சு கைப்பிடி இடுக்கில் புகுந்தது. ஹரிராம் விட்ட எண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. கை தேறி வந்த அதே மாதங்களில் வண்டி இறுகிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் எம்புட்டுண்ணே விட்டீக?" என்று கேட்டார் இம்மானுவேல்.

"வாரா வாரம் கொஞ்சம்."

"கொஞ்சமா! தறிக்குக்கூட நீங்க இம்புட்டு விட்டதில்ல" என்றார் ஸ்வர்ணா.

இம்மானுவேல் குழாயைப் பெட்ரோலில் கழுவினார். கேபிளை உருவித் துடைத்து, உறைக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி கோத்தார். மாட்டி முடித்துத் திருகி விட்டபோது பிடி சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. அழகுராஜாவும் வண்டியை ஸ்டார்ட் செய்து திருகிப் பார்த்து, "இப்ப வெண்ணெய்" என்றார்.

"நீங்க பாருங்கண்ணே" என்றார் இம்மானுவேல்.

ஹரிராம் எழுந்திருக்கவில்லை. வேட்டி நுனியால் கையைத் துடைத்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வந்தும் தள்ளியே நின்றார். இப்போதும் இறுக்கமாகத் தெரிந்தால், அது கைதான், சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கு இது பிற்பாடுதான் புரிந்தது. ஸ்வர்ணாவுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹரிராம் வந்து முதலில் இடக்கையை எட்டிப் போட்டுத் திருகினார். பிறகு வலக்கையால். இன்ஜின் சத்தம் ஏறியது, அழகுராஜா திருகியபோது ஏறிய வேகத்தில் இல்லை. விட்டார்; இறங்கியது. மறுபடி திருகி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிடி நழுவவில்லை.

"கை கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு" என்றார்.

"அம்புட்டுதானே?" என்றார் ஸ்வர்ணா.

"அம்புட்டுதான்."

"அப்ப தர்பூசணியில போயி விட்டது?"

"அது வண்டி."

"நான் உங்களுக்குக் கண்ணுதான் போச்சோன்னு நெனச்சேன். சொல்லல."

அழகுராஜா மாறி மாறி இருவரையும் பார்த்தார். "அப்ப வண்டிண்ணே..."

"ஓடுதே தம்பி."

"அது தெரியுது. நான் வாய மூடிக்கிட்டு ஏத்திட்டுப் போயிருக்கணும்" என்றார் அழகுராஜா.

"இருந்து டீ குடிச்சுட்டுப் போங்க. உங்களுக்கு அதுதான் குடுப்பினை" என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணா உள்ளே போனார்.

வண்டி இப்போது தெருவில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. மூட்டை ஏற்றக் கூடாது என்பது ஸ்வர்ணாவின் நிபந்தனை. ஹரிராம் அதை மீறவில்லை. எழுமலைக்குப் போகும் துண்டுக் கட்டுகளை வாடகை வேனில் ஏற்றி அனுப்புகிறார். பிறகு தான் மட்டும் ராஜ்தூத்தை எடுத்துக்கொண்டு அந்த வேனுக்குப் பின்னாலேயே போகிறார். வழியில் உசிலம்பட்டியில் நிறுத்திக் கையை உதறிக்கொள்வதாக அவரே சொன்னார். வேனிலேயே உட்கார்ந்து போனால் என்ன என்று ஸ்வர்ணா கேட்கிறார். அதற்குள் ஹரிராம் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிடுகிறார்.