ஜன்னலில் தெரிந்த வெள்ளை

எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. எங்காவது கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது, எது முந்தி, எது பிந்தி என்பது சில இடத்தில் மாறியிருக்கலாம். ஆனாலும் இதை நானேதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பழைய சரக்குக் கிட்டங்கியை இடித்துவிட்டு, மூன்று மாடியில் ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டினார்கள். தெருப்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. தெருவே அதைத் திட்டியது. வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எங்கள் வீட்டைப் போல மரஜன்னல் வைத்த மஞ்சள் வீடுகளைத்தான் எடுப்பார்கள்.

எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டின் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே அதில்தான். எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். நான் பிறந்ததும் இங்கேதான், பெற்றதும் இங்கேதான். ஆனால் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது கிடையாது. வெளியே போனால் குனிந்த தலை, நேரே வண்டிக்குள். இப்போது முழங்கால் வலி வந்து மாடி அறையோடு சரி. எதிர்க் கண்ணாடியில் எங்கள் மாடியும், ஜன்னலும், காரை பெயர்ந்த இடமும் தெரிந்தபோது, 'இவ்வளவு உயரமா நம் வீடு?' என்று இருந்தது.

துபாயில் இருக்கும் மருமகன் ஒரு போன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போனில் பேசுவதென்றால் எனக்குச் சிரமம். படம் எடுப்பதில் அந்தச் சிரமம் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எடுத்ததை என் மகள் நெட்டில் போடுவாள். ஊர்க் கட்டடங்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் விதிகளையும் அவளே படித்துச் சொன்னாள்: நேராக நில், கோடு கோணக்கூடாது, வானம் நீலமாக இருக்கட்டும், வயர் வேண்டாம், ஆள் வேண்டாம். அப்படியே, டாக்டரிடம் போகிற நாட்களில் காருக்குள் இருந்து நாலைந்து கட்டடம் எடுத்தேன். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். நானும் அப்படித் தள்ளுகிறவள்தான். அதனால் என் விரல் எங்கே நிற்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பெரிய பேங்க் கட்டடத்தின் படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் நிற்கிறது. எல்லா ஜன்னலும் மூடியிருக்கிற சுவரில் ஒன்று மட்டும் திறந்திருந்தால் நிற்கிறது. அழகுக்கு நிற்பதைவிட, 'இது ஏன் இங்கே?' என்பதற்குத்தான் அதிகம் நிற்கிறது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் வெயில் காம்ப்ளெக்ஸைத் தாண்டி எங்கள் மாடியில் மட்டும் விழும். கண்ணாடி நிழலில் இருக்கும். நிழலில் இருக்கிற கண்ணாடிதான் எதிரில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும். அன்றைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, தொழுகைக்கு வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். கடல்காற்றில் போனின் கண் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். துப்பட்டி நுனியால் துடைத்து, கம்பிக்கு வெளியே நீட்டி எதிர்க் கண்ணாடியை எடுத்தேன். கண்ணாடிகளை ஒரே மட்டமாகப் பொருத்தவில்லை போலிருக்கிறது. எங்கள் வீடு துண்டு துண்டாக விழுந்திருந்தது. ஜன்னல் ஒன்று நெளிந்திருந்தது. குறுக்கே கரண்டு வயர்.

மகள் வாங்கிப் பார்த்தாள். "உம்மா, இது யாரு எடுத்தா?"

"ஏன், கோணலா இருக்கா?"

"கோணலாத்தான் இருக்கு. அதான் கண்ணு நகரமாட்டேங்குது."

நெட்டில் தன் கணக்கிலேயே போட்டாள். ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கேள்வி வந்துகொண்டே இருந்தது. 'இது காரைக்காலா? சும்மா சொல்லாதீங்க.' 'ஜன்னல்ல யாரோ வெள்ளையா நிக்கிறாங்களே!' 'பேய் வீடோ?' அதற்கு இன்னொருவர், 'பேய்க்கு நல்ல எடமாத்தான் அமைஞ்சிருக்கு' என்று எழுதியிருந்தார்.

நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. மகள் பெரிதாக்கிக் காட்டினாள். இருட்டு ஜன்னலுக்குள் வெள்ளையாக ஒன்று. நான்.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. படம் என்றாலே ஒதுங்குகிறவள் நான். என் கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்தில் பந்தல்கால்தான் நன்றாக விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது நான். "எடுத்துடு புள்ள" என்றேன்.

"மூஞ்சியே தெரியல உம்மா. ஒரு அரிசி அளவுகூட இல்ல."

தொழுதுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அரிசி அளவுதான். ஆனால் அத்தனை பெரிய கட்டடத்தையும் சுற்றிவிட்டுக் கண் கடைசியில் அங்கேதான் வந்து உட்காருகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நெட்டில் அந்தக் கட்டடப் பக்கத்தை நடத்துகிறவர் படத்தைக் கேட்டார், மகளும் சரியென்று கொடுத்தாள். இங்கே காரைக்காலிலேயே தலத்தெருவில் இருக்கிறாராம். போட்டுவிட்டு வாய்ஸ் அனுப்பினார். "அம்மா எடுத்த படம் பிரமாதங்க. வயரையெல்லாம் எடுத்துட்டேன், வானத்துக்குக் கொஞ்சம் கலர் ஏத்திருக்கேன். ஜன்னல்ல ஒரு பாலித்தீன் பை மாட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையும் தொடச்சுட்டேங்க."

மகளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "உம்மா, ஒங்களப் பையின்னுட்டாரு!"

நான் சிரிக்கவில்லை. ஜன்னல் வெறும் ஓட்டையாக இருந்தது. வயரைக் காணோம், எங்கள் வீட்டுக்குக் கரண்டு வருவதே அதில்தான். கீழே 'சூப்பர்', 'அருமை' என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே பார்த்தேன், கண் சுற்றிச் சுற்றி வந்தது, உட்கார இடமில்லை.

நானாக ஒளிந்துகொண்டது என் இஷ்டம். என் வீட்டு ஜன்னலிலிருந்து என்னைத் துடைக்க இவர் யார்?

"விடுங்க உம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மகள்.

"நீ சொல்ல வேணாம். அமுக்குறது எதுன்னு காட்டு."

மூன்று தடவை அமுக்கினேன், மூன்று தடவையும் குரல் வரவில்லை. நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "தம்பி, நான் அந்த வீட்டுக்காரி பேசுறேன். அது பையி இல்ல, நான். என்னத் திருப்பி வைங்க."

உடனே பதில் வந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. தெரியாமப் போச்சு. ஆனா படம் சுத்தமா இருந்தாத்தாங்க எடுபடும். கட்டடப் படத்துல கட்டடம்தான தெரியணும்?"

"கட்டடம் எதுக்கு தம்பி கட்டுறது? உள்ள ஆளு இருக்கத்தான? ஒங்க படத்துல யாராச்சும் ஒரு கேள்வி கேட்டாங்களா? எம்படத்துல பேயான்னாச்சும் கேட்டாங்க."

பிறகு வந்த வாய்ஸில் முதலில் சிரிப்புத்தான் கேட்டது. "சரிங்கம்மா, பழையதையே வச்சுடுறேன். பேரு போடலாமா?"

"பேரு வேணாம். ஆளு இருந்தாப் போதும்."

சொன்னபடி மாற்றிவிட்டார். வயர் வந்தது, நானும் வந்தேன். ஆனால் அதற்குள் துடைத்த படம் கை மாறி மாறிப் போய்விட்டது என்கிறாள் மகள். பிரான்சில் இருக்கும் எங்கள் சொந்தக்காரி ஒருத்திக்கு வெறும் ஜன்னல்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'வீடு பூட்டிக் கிடக்கா?' என்று கேட்டிருக்கிறாள். பூட்டவில்லை. நான் இருக்கிறேன்.

நான் நிற்பது மேலிருந்து இரண்டாவது வரிசையில், இடது பக்கத்திலிருந்து நாலாவது கண்ணாடி என்று நினைக்கிறேன், ஐந்தாவதாகவும் இருக்கலாம். காம்ப்ளெக்ஸ் மூன்று மாடியா, தரைத்தளத்தைச் சேர்த்து நாலா என்பதும் சந்தேகம். யாராவது எண்ணிப் பார்த்துத் திருத்துங்கள். எண்ணும்போது அந்த ஜன்னலையும் பாருங்கள். அங்கே வெள்ளை இல்லையென்றால், உங்களிடம் இருப்பது நான் எடுத்த படம் இல்லை. அனுப்பியவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.