பச்சை நூல் கட்டிய ஸ்டெபிலைசர்

கமலவேணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கையில் இருக்கிற வேலையை இரண்டு மடங்கு வேகமாகச் செய்வாள். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனியில் அவளோடு உட்கார்ந்து செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பெண்களுக்கு அது தெரியும். கம்பி சர்ரென்று ஏறினால், "இன்னிக்கு யாருடி மாட்டுனது?" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். எண்பத்தாறாம் வருஷம் சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் கம்பி சர்ரென்றுதான் ஏறியது. மாட்டினவர் தேவதாஸ்.

தேவதாஸ் வேறு யாருமில்லை. கமலவேணியின் தம்பி பாலகுருவுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர். பாலகுரு பெண்டாட்டி சுலோசனாவுக்குக் கூடப் பிறந்த மூத்த அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா, அதாவது சிப்பாய். அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை: பிரான்சிலிருந்து வந்த சாமானைக் குறை சொல்லக் கூடாது. அவர் கப்பலில் கொண்டுவந்த கலர் டி.வி. நான்கு வருஷமாகக் கூடத்தில் இருந்தது. நம்ம ஊர் ஒளிபரப்பு அதில் சரியாக வராது. போட்டோ பிலிமில் பார்க்கிற மாதிரி வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும், சத்தம் வரவே வராது. ஆனாலும் யாரும் அதை உதவாது என்று சொன்னதில்லை. பூவேலைத் துணி போட்டு மூடி, தினம் தூசு தட்டினார்கள்.

பாலகுருவுக்குத் துணி மில்லில் ஆட்குறைப்பு வந்து வேலை போயிற்று. அப்பன் முருகையன் முப்பது வருஷம் நின்ற தறியில் மகன் ஆறு வருஷம்தான் நின்றான். அப்போதுதான் தேவதாஸ் பிரான்சில் இருக்கிற மர்சேய்க்குப் போய்வந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். மேல்மூடி உடைந்துபோய் உள்ளே இருக்கிற பச்சைச் சர்க்யூட் பலகை மட்டும்; கூடவே பத்து விளையாட்டு கேசட்டு. அதற்கு ஒரு பெட்டி செய்து, வேண்டியதை எல்லாம் பொறுக்கி எடுத்து மாட்டினால், பிள்ளைகள் காசு கொடுத்து விளையாடுகிற கடை போடலாம். பலகை ஒன்றே ஒன்று. எரிந்துபோனால் இந்தியாவில் எங்கேயும் கிடைக்காது. தம்பி பிழைப்பு அந்தப் பலகையில் இருந்தது.

சாமான் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவதாஸ் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டி.வி.யைப் பற்றிப் பேச்சு வந்ததும் கமலவேணியே சொன்னாள், "மாமா, உங்க டி.வி.தான் சரி. அந்த ஊர் பலகைக்கு அந்த ஊர் டி.வி.தான் ஒத்துப்போகும்." தேவதாசுக்குக் குளிர்ந்துபோயிற்று. மூடியிருந்த துணியை அன்றைக்கே எடுத்தார்.

விளையாட்டில் குண்டு சுட அழுத்துகிற பொத்தானுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது அவள், "காலிங் பெல் சுவிட்சு போடுங்க. பசங்க குத்துற குத்துக்கு இந்த ரப்பர் பொத்தானெல்லாம் ஒரு வாரம் தாங்காது" என்றாள். யார் காதிலும் விழவில்லை. சற்றுப் பொறுத்து பாலகுரு, "காலிங் பெல் சுவிட்சு போட்டா என்ன மச்சான்?" என்றான்.

"நல்ல யோசனைடா!" என்றார் தேவதாஸ்.

கமலவேணி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கைப்பிடி லேத்தில் கடைவது, ஸ்பீக்கர் பழைய ரேடியோவில் எடுப்பது என்று முடிவாகி, கடைசியில் கரண்ட்டுக்கு வந்தார்கள்.

"இதுக்கு ஸ்டெபிலைசர் இல்லாம கூடாது" என்றாள் கமலவேணி. "மில்லுல மூணு மணிச் சங்கு ஊதுனா, ஷிப்டு மாறுற பத்து நிமிஷம் தறியெல்லாம் நிக்கும். அத்தனை மோட்டார் இழுத்த கரண்ட்டும் நம்ம தெருவுக்குத்தான் வரும். நம்ம வீட்டுல எத்தனை பல்பு போயிருக்குது, தம்பியக் கேளுங்க."

தேவதாஸ் சிகரெட் பெட்டி அளவில் இருந்த அடாப்டரைத் தூக்கிக் காட்டினார். "பிரான்சு சாமான். இருநூத்தி இருபதுன்னு எழுதியிருக்குது. இங்கயும் இருநூத்தி இருபதுதானே?"

"எழுதியிருக்கிறது மில்லுக்குத் தெரியுமா மாமா?"

சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேவதாஸ் சிரிக்கவில்லை. "நீ கம்பி சுத்துறவம்மா. இது கம்ப்யூட்டரு. போயி காபி போடு."

அவள் போய்க் காபி போட்டாள். சர்க்கரை போடவில்லை. மூணு பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி ஒதுக்கினாள். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட இரும்புத் தகடுகளை வாங்கினாள். வளைந்ததை நிமிர்த்தி, அடுக்கி, தானே காயில் சுற்றி, எட்டுக் கிலோவில் ஒரு ஸ்டெபிலைசர் செய்தாள். தச்சன் செய்த விளையாட்டுப் பெட்டியின் அடித்தட்டில் அவளே அதைத் திருகி மாட்டினாள். "நல்லாயிருக்குதுக்கா" என்றான் பாலகுரு.

கடை திறக்கிற அன்று அரை நாள் லீவு போட்டு பஸ் பிடித்து வந்தாள். மில்லுக்குப் பின்தெருவில், வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே நுழைய இடமில்லை. முகம் கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனாள். குழாயடியில் அவள் ஸ்டெபிலைசர் கிடந்தது. அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள்.

"அண்ணன்தான் எடுக்கச் சொல்லிச்சு அண்ணி" என்றாள் சுலோசனா, மெதுவாக. "சவப்பொட்டி மாதிரி கனக்குதாம். உர்ருன்னு சத்தம் வேற வருதாம்."

"பலகை எதுல ஓடுது இப்ப?"

"வெறும் பிரான்சு அடாப்டர்ல."

சுவரில் மணி மூணுக்கு ரெண்டு நிமிஷம்.

கமலவேணி குடத்தைக் காலால் தள்ளினாள். உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. நேராக முன்னறைக்குள் போனாள். திரையில் பச்சை விமானம் ஒன்று சுட்டுக்கொண்டிருந்தது, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள், தேவதாஸ் வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டி.வி. பிளக்கு, அடாப்டர் பிளக்கு இரண்டையும் ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

"ஏய்! பைத்தியமா பிடிச்சிருக்குது உனக்கு?" தேவதாஸ் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடிங்க. ஆனா சங்கு ஊதட்டும், அப்புறம் அடிங்க."

சங்கு ஊதியது. ஊதி முடிவதற்குள் வாசல் பல்பு கண் கூசுகிற வெள்ளையாகி, டப்பென்று வெடித்துச் சிதறியது. பக்கத்து மாவு மிஷின் கடைக்காரர் ரேடியோவில் புகை வருகிறது என்று அலறினார். பாலகுரு பலகையைத் தடவிப் பார்த்தான், நல்லபடியாக இருந்தது.

தேவதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சாமி காப்பாத்துச்சுடா."

பல்பு வெடித்ததுகூடப் பெரிதில்லை, அந்த வார்த்தைதான் கமலவேணியை எரித்தது. "எந்தச் சாமி மாமா? தட்டாஞ்சாவடியிலேருந்து பஸ்ல வந்த சாமியா?" என்றாள். கொல்லைக்குப் போய் எட்டுக் கிலோவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

சாயந்தரம் பாலகுரு வந்தான். "அக்கா, அந்தப் பெட்டியக் குடுத்துடு. கடையப் பூட்டி வெச்சிருக்கிறேன்."

"உன் மச்சானக் கேக்கச் சொல்லு. 'கமலா, உன் பெட்டி வேணும்'னு ஒரு வார்த்தை. தர்றேன்."

"அவரு கேக்கமாட்டாருக்கா."

"அப்ப பூட்டியே வெய்யி."

"என் பிழைப்புக்கா."

"காலிங் பெல் சுவிட்சு யாரு சொன்னதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னிக்கு உனக்கு இந்தக் கதி வருமாடா?"

அவன் போய்விட்டான். நாலு நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாள் தேவதாஸ் பட்டணம் போய் ஒரு ஸ்டெபிலைசரோடு வந்து இறங்கினார். சாம்பல் பெயிண்டு, முன்னால் சிவப்பு விளக்கு, நெற்றியில் பட்டணத்துக் கம்பெனி பேர். தெருவே பார்க்க வந்தது. கமலவேணியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார், பார்த்து வயிறு எரியட்டும் என்று.

"பாரும்மா. மெட்ராசு சாமான். சத்தம் வருதா? ஒரு உர்ரு இருக்குதா?"

கமலவேணி அதன் முன்னால் குந்தினாள். மடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் நாலு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கிவிட்டாள். உள்ளே காயில் முனையில் பச்சை நூல் இறுக்கிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

தட்டாஞ்சாவடிக் கம்பெனியில் எட்டுப் பெண்கள் காயில் சுற்றினார்கள். கெட்டுப்போனால் யாருடையது என்று தெரிய ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நூல். செய்கிறது இங்கே, பேர் ஒட்டுகிறது அங்கே. பச்சை கமலவேணிக்கு. இரண்டு முடிச்சு போடுகிறவளும் அவள் ஒருத்திதான்.

"தம்பி, இந்த நூலு யாருதுன்னு உன் மச்சானுக்குச் சொல்லு" என்றாள். குரல் ஏறவில்லை.

பாலகுரு குனிந்து பார்த்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "அக்கா நூலு மச்சான். இதச் சுத்துனதும் அக்காதான்."

தேவதாஸ் அடாப்டரைப் பாலகுரு கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் பிரான்சு திரும்பினார். விமானம் ஏறுகிற வரைக்கும் கமலவேணியிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

கடை நடந்தது. மூணு மணிச் சங்குக்குப் படம் ஆடாமல் நின்றது. அன்றைக்கு மூடியைத் திருகி மூடினவள், மடியிலிருந்து ஒரு முழம் பச்சை நூல் எடுத்து, கம்பெனிப் பேருக்குக் குறுக்கே, பார்க்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி கட்டினாள். அசிங்கமாக இருக்கிறது என்று சுலோசனா இரண்டு தடவை அவிழ்த்தாள். கமலவேணி இரண்டு தடவையும் திரும்பக் கட்டினாள். விளையாட வந்த பிள்ளையின் அம்மா ஒருத்தி, "என்னா, வேண்டுதலா?" என்று கேட்டாள்.

"வேண்டுதல் இல்ல" என்றாள் கமலவேணி. "சுத்துனவ கட்டுனது."