கெட்டிமேளத்தில் முடிந்த சிம்பொனி

போன வாரம் மகள் என் கைப்பேசியில் ஒரு பாட்டுச் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்கு வண்டியேறிவிட்டாள். எது வேண்டுமானாலும் இதில் கிடைக்குமாம். அதுதான் தொல்லை. நான் தேடியது ஒரே ஒரு சிம்பொனி. வந்து விழுந்ததோ தள்ளித் தள்ளி விரல் தேய்கிற வரிசை. எல்லாம் அதே சிம்பொனிதான். ஊர் வேறு, குழு வேறு, முன்னால் குச்சியோடு நிற்கிற ஆள் வேறு. பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்றால் அமுக்கிப் பார்த்து எடுத்துவிடுவேன். இதில் எதை அமுக்க?

பரவைக்காரனுக்கும் சிம்பொனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம்தான், ஐயா. சம்பந்தம் பேசப் போன இடத்தில்தான் அது வந்து மாட்டியது.

திருநகரில் பெண் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை; பையில் இரண்டு பேனா குத்தியிருந்தால் அதிகாரி போலத் தெரியும் என்று நம்பிய வயது. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனதும், பெண்ணிடம் ஏதாவது பேசுவதானால் பேசலாம் என்றார்கள். பேச வேண்டியவன் நான். பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தேன். கடைசியில் வாசுகிதான் பேசினாள்.

"சிம்பொனி கேப்பீங்களா?"

கல்லூரியில் ஆங்கில டீச்சர் ஒருவர் அவளை அந்தப் பழக்கத்தில் இறக்கிவிட்டிருந்தார். எனக்கு அது பாட்டா பலகாரமா என்றே தெரியாது. தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இதுவரைக்கும் இல்லீங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பொருமினாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கழுத்து சுளுக்கியிருக்குமா என்றாள். பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் புருவம் உயர்ந்த அழகிலேயே என் கதை முடிந்திருந்தது.

செயலிக்கு வாசனை கிடையாது. புதுக் கேசட்டின் மேல்தாளைக் கிழித்ததும் எழும் அந்த வாசனை, அதோடு கொஞ்சம் அத்தர். டவுன்ஹால் ரோட்டுச் சந்துக்குள் இருந்த பாயின் ரெக்கார்டிங் கடை அப்படித்தான் மணக்கும். பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கேசட்டில் மிச்ச இடத்தை வெறுமனே விடமாட்டார். பாட்டு தீர்ந்து டேப் சும்மா ஓடினால், பந்தியில் சோறு போட்டுக் குழம்பை மறந்த மாதிரி அவருக்கு.

"பாய், சிம்பொனி வேணும். ஒரிஜினலாக் குடுங்க" என்றேன். டூப்ளிகேட் மலிந்த காலம். எதைக் கேட்டாலும் இப்படிக் கேட்டால்தான் மரியாதை.

துபாயிலிருக்கும் மச்சான் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து போட்டதாகவும், ஊரில் கேட்பதற்கு ஒரு நாதி இல்லை என்றும் சொல்லிக்கொண்டே மூன்று கேசட்டை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே சிம்பொனி. அட்டையில் மட்டும் வேறு வேறு ஆள். ஒருவர் தலைவிரிகோலமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கண்ணை மூடி நெஞ்சில் கைவைத்திருந்தார், வாயுத் தொல்லைக்காரர் போல. மூன்றாமவர் டை கட்டிச் சிரித்தார். பார்த்தால் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

"இதுல ஒரிஜினல் யாரு பாய்?"

"எழுதுனவரு செத்து ரெம்ப நாளாச்சாம் மாப்ள."

"அப்ப மூணுமே டூப்ளிகேட்டா?"

பாய் தாடியைத் தடவி யோசித்தார். எங்கள் இருவருக்குமே அதற்கு மேல் ஞானம் இல்லை. சரி, கேட்டுவிடுவோம் என்று மூன்றையும் ஓடவிட்டார். ஒரே ரூட்டு, மூன்று டிரைவர். தலைவிரிகோலம் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார். டைக்காரர் நேரத்துக்குக் கொண்டுசேர்த்தார். வாயுத் தொல்லைக்காரரோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றார். ஆனால் அவருடைய இரண்டாம் பகுதி வந்தபோது பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்குல்ல" என்றார்.

அதுவே வேண்டும் என்றேன். அங்கேதான் சிக்கல். கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம். அவர் நிதானத்துக்கு அந்த இரண்டாம் பகுதி நடுவிலேயே அறுந்துவிடும்; எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். மூஞ்சியைக் கழுவப் போனவள் திரும்பி வருவதற்குள் கரண்ட் போன கதைதான். மனசில்லாமல் டைக்காரரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் சீக்கிரம் முடித்ததில் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. யாருக்கு இந்தக் கேசட் என்று பாய் கேட்டார். சொன்னேன். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. போட்டுப் பார்க்காமலே திருநகருக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மாலை வாசுகியின் அப்பாவே பரவைக்கு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை கொடுத்தது என்ற மரியாதைக்காகக் குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து கேட்டதாம். டம், டம் என்று முடிந்ததாம். அணைக்கலாம் என்று அவர் எழுந்திருக்க, நாதஸ்வரம் எழும்பிக் கெட்டிமேளம் கொட்டியதாம்.

"எம்மக சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரவுக எட்டிப் பாத்துட்டாக" என்றார். "ரெம்பத்தான் தைரியம் ஒங்களுக்கு. தேதி பாக்கச் சொல்லிட்டா."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தைரியசாலி போல நின்றேன்.

கல்யாணத்துக்குப் பாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிஜக் கெட்டிமேளம் கொட்டியபோது என்னைப் பார்த்து, சத்தம் ஜாஸ்தி என்று விரலால் திருகிக் குறைத்துக் காட்டினார்.

அந்தக் கேசட் எங்கள் வீட்டில் வெகுகாலம் ஓடியது. சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றுவோம். டேப் இழுபட்டு இழுபட்டு, டைக்காரரே வயதாகி நிதானமாகிவிட்டார். ஒருநாள் அறுந்தது. பாய் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குச் சட்டை மாட்டுகிறார்கள்.

நேற்றுச் செயலியில் டைக்காரரை முகத்தை வைத்தே கண்டுபிடித்தேன். வாசுகி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுத்தமான சத்தம், ஒரு இரைச்சல் இல்லை, ஒரு இழுவை இல்லை. டம், டம் என்று முடிந்தது. அவள் கத்தி நின்றது. இருவரும் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தோம். அடுத்து என்ன வேண்டும் என்று அது எங்களைக் கேட்டது.

"என்னங்க, பாதியில நின்னுருச்சு?"

"இதுல அம்புட்டுத்தான் இருக்கு."

"அப்ப இது ஒரிஜினல் இல்ல" என்றாள், அடுத்த அவரைக்காயை எடுத்துக்கொண்டு.