இடம் மிஞ்சினால்

தெருவில் அவருக்கு ரெக்கைக்காரர் என்று பெயர். தேசிய விமான நிறுவனத்தில் பெட்டி ஏற்றுபவராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். பேச்சைக் கேட்டால் கம்பெனியையே அவர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தார் என்று நினைப்பீர்கள்.

தொடக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, மூக்கில் விசிறி சுற்றும் இரண்டு விமானங்கள், அவ்வளவுதான். பெட்டிகளோடு பயணிகளையும் தராசில் நிறுத்தி ஏற்றுவார்களாம். பாதி இருக்கை காலியாகப் பறக்கும். ஊழியர் குடும்பத்துக்கு, ஓய்வுக்குப் பிறகும், இலவச பாஸ் உண்டு; இடம் மிஞ்சினால் ஏறிக்கொள்ளலாம். அப்போது மிஞ்சாத நாளே இல்லை. பிறகு ஜெட் வந்தது, கடல் தாண்டிய ஊர்கள் வந்தன, நிலையம் கண்ணாடி மாளிகையாயிற்று. ஒவ்வொன்றையும் சொந்த வீட்டுக்கு மாடி எடுத்த பெருமையோடு சொல்வார்.

அதே நிறுவனத்தில் தங்கை மகள் விமானியானாள். கேப்டனாகத் தான் ஓட்டும் முதல் விமானத்தில் அம்மா இருந்தே ஆகவேண்டும் என்றாள். தங்கை டிக்கெட் எடுக்கக் கிளம்ப, இவர் குறுக்கே விழுந்தார்.

“என் தங்கச்சி டிக்கெட் வாங்கி ஏறுறதா? ஊரே சிரிக்கும். என் பாஸ் எதுக்கு இருக்கு?”

“இடம் மிஞ்சணுமேண்ணா?”

“மிஞ்சும், மிஞ்சும். நான் பாக்காத விமானமா?”

அன்றைக்கு இருவரும் போய் நின்றபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று. விமானம் ஏறும் வாசலில் நின்ற பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: “ஊழியருக்குத்தான் சார் முதல்ல. நீங்க ஏறலாம். அவங்களுக்கு மாத்திக் கொடுக்க முடியாது.”

பழைய மேலாளர்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒருவரையும் தெரியவில்லை. கெஞ்சினார். கதவு சாத்தும் நேரம் வந்துவிட்டது.

“நீ போண்ணா,” என்றாள் தங்கை. “நம்மாளு ஒருத்தராவது புள்ளகூட இருக்கட்டும்.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

இருக்கையில் அமர்ந்ததும் ஒலிபெருக்கியில் தங்கை மகளின் குரல் வந்தது.

“நான் உங்க கேப்டன். இன்னிக்கு என் அம்மா உங்களோட உக்காந்திருக்காங்க. அம்மா, நிம்மதியா சாஞ்சுக்கோ. நான் பாத்துக்கறேன்.”

விமானமே கைதட்டியது. ஆளாளுக்குக் கழுத்தை நீட்டித் தேடினார்கள். பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொடுத்துவச்ச அம்மா! எங்க உக்காந்திருக்காங்களோ, தெரியலியே?” என்று இவரிடமே கேட்டாள்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. “தெரியலம்மா,” என்று சொல்லிவிட்டு, அவரும் கைதட்டத் தொடங்கினார்.