கொரியாவில் இறுதி ஆட்டம், மருதமுனையில் வாய்க்கால்

ஆறு வருடமாகக் கோ விளையாடுகிறேன். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து இடம் பிடிக்கும் விளையாட்டு. எங்கள் ஊர் கோமாரியில் இதைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் கிடையாது. பகலில் கணிதம் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் கைப்பேசியில் முகம் தெரியாதவர்களிடம் தோற்கிறேன். மாசி மாதத்தில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஆட்டம் என்னை நசுக்கினார். எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "மருதமுனை" என்று தமிழில் பதில் வந்தது, எங்கள் மாவட்டத்து ஊர். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

அவர் பெயர் நிஸ்தார். கொரியாவில் எட்டு வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இதைப் பழகியவர், இப்போது மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை கொரியாவில் ஒரு சர்வதேசத் தொழில்முறைப் போட்டியின் முடிவு நாள். கொரியர் ஒருவரும் சீனர் ஒருவரும் ஆளுக்கு ஒரு ஆட்டம் வென்றிருந்தார்கள். கிண்ணம் யாருக்கு என்பது மூன்றாவது ஆட்டத்தில் தெரியும். "இஞ்ச வாங்க, ஒண்டா இருந்து பாப்பம்" என்றார். லீவு போட்டேன். காரணம்: அவசர குடும்ப விடயம். குடும்பம் யாருடையது என்று எழுதவில்லை.

காலை 5.40க்குக் கோமாரியில் பஸ் ஏறினேன். அக்கரைப்பற்று வரை 140 ரூபா. அங்கே இருபது நிமிடம் நின்று அடுத்த பஸ், கல்முனைக்கு 110 ரூபா. பாலமுனை தாண்டும்போது கடல் பக்கம் வெயில் ஏறிவிட்டது. 7.50க்குக் கல்முனை. மருதமுனைக்கு ஓட்டோக்காரர் 600 கேட்டார். "மாஸ்டர்மாருக்கு 500" என்று அவரே இறங்கினார். நான் மாஸ்டர் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "குடையப் பாத்தா வெளங்குதானே" என்றார். மொத்தம் அறுபத்தைந்து கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம், 750 ரூபா.

இடம் றபீக் காக்காவின் தேத்தண்ணிக் கடை; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கொரியாவில் பதினொரு மணி என்றால் இங்கே ஏழரை, ஆகவே ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு மேசை, அதன் மேல் பத்தொன்பது கோடு கீறிய பலகை. ஒரு பக்கம் நிஸ்தார், பழைய டயரில் வெட்டிய கறுப்புக் காய்கள் நிறைந்த பையோடு. மறுபக்கம் அவருடைய மனைவியின் தம்பி ஜவ்பர், செருப்பு ரப்பரில் வெட்டிய வெள்ளைக் காய்களோடு. இருவரும் கொரியாவில் ஒரே அறையில் இருந்தவர்கள். தொலைக்காட்சியில் விழும் ஒவ்வொரு காயையும் பலகையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு இடியப்பமும் மீன் ஆணமும் வந்தது. ஆனால் அவர்களிடம் ஏதோ ஒன்று சரியில்லை.

"காக்கா, அந்த வெள்ளையக் கொஞ்சம் தள்ளி வெக்கச் செல்லுங்க" என்பார் நிஸ்தார். "சரியான எடத்துலதான் இரிக்கி எண்டு செல்லுங்க காக்கா" என்பார் ஜவ்பர். இருவருக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. பெரிய ஆட்டக்காரர்களின் பகிடி இது என்று நினைத்துக்கொண்டு புட்டும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினொன்றரைக்கு ஆட்டம் சூடு பிடித்தது. கொரியர் ஒரு காயை வெட்டினார், சீனர் அதே இடத்தில் திருப்பி வெட்டினார், கொரியர் மறுபடியும். கொரிய மொழியில் இதற்குப் 'பே' என்று பெயர். "என்ன மாஸ்டர், ஒரே எடத்தையே ரெண்டு பேரும் புடுங்கிக்கிட்டு இரிக்காங்க?" என்று றபீக் காக்கா கேட்டார். படிப்பிக்கிறவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு வயல்காரர் ஒரே வாய்க்காலை மாறி மாறித் திறந்து அடைச்சா எப்பிடி இருக்கும்? அதுதான் இது. விட்டா ரெண்டு வயலும் காயும் வரைக்கும் நடக்கும். அதாலதான் ஒரு சட்டம் வைச்சிருக்கினம். ஒருத்தன் எடுத்த உடனே மற்றவன் திருப்பி எடுக்க ஏலாது. முதல்ல வேற இடத்துல ஒரு காய் வைக்க வேணும்."

நிஸ்தார் பலகையைப் பார்த்தார், ஜவ்பர் தன் பைக்குள் பார்த்தார். றபீக் காக்கா என்னைக் கையில் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாஸ்டர், ஒங்களுக்கு ஆரு செல்லித் தந்த?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் சொன்ன விசயம் இதுதான். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் மும்மூன்று ஏக்கர் வயல், நடுவே ஒரு வாய்க்கால். போன போகம் முழுக்க விடியற்காலையில் ஒருவர் திறக்க, மற்றவர் போய் அடைத்துத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு வயலிலும் பாதி நெல் பதர். நாளைக்குக் கன்னக் கூட்டம், சிறுபோகத்துத் தண்ணீர் முறையைத் தீர்மானிக்கிற கூட்டம். ஒரே சொல்லோடு வராவிட்டால் இந்தப் போகம் இருவருக்கும் தண்ணீர் இல்லை என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சொல்லிவிட்டார். ஆறு ஏக்கரும் தரிசு. சண்டை தொடங்கிய அன்றே காய்களையும் பிரித்துக்கொண்டார்களாம், கறுப்பு ஒருவர், வெள்ளை ஒருவர். நிஸ்தார் இணையத்துக்கு வந்து என்னை நசுக்கிய காரணம் அப்போதுதான் புரிந்தது. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளியில் பாங்கு சொன்னது. மருதமுனையில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் தெரு முழுக்க மூடிவிடும். றபீக் காக்கா கடைக் கதவைப் பாதி இறக்கி, "நீங்க இருந்து பாருங்க, வந்த ஒடன செல்லுங்க" என்றார். மச்சான்மார் இருவரும் தனித்தனி பைக்கில் போனார்கள். நான் பாதிக் கதவுக்குள் தனியே, இரண்டு பைகளோடு. விழுந்த காய்களை நானே வைத்தேன்.

1.20க்குத் திரும்பி வந்தார்கள். நிஸ்தார் தொப்பியைக் கழற்றவில்லை, நின்றபடியே கேட்டார்.

"வாய்க்கால ஆரு விட்ட?"

பே என்று கேட்கவில்லை. வாய்க்கால் என்றுதான் கேட்டார்.

"கொரியர்" என்றேன். "சீனர் அதை மூடுற நேரத்துல இவர் கீழ் மூலையில அடுத்தடுத்து ரெண்டு காய் வைச்சிட்டார். இப்ப இவர்தான் முன்னுக்கு."

இருவரும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1.45க்குச் சீனர் தலை குனிந்து தோல்வியை ஒத்துக்கொண்டார். நிஸ்தார் கொரியர் பக்கம்தான், ஆனாலும் கை தட்டவில்லை.

"காக்கா, அவருக்கிட்ட செல்லுங்க. மொதப் பத்து நாளும் தண்ணிய அவரு எடுக்கட்டும்."

றபீக் காக்கா வாயைத் திறந்தார். அதற்குள் ஜவ்பர் நிஸ்தாரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "மச்சான், எனக்கு ஏழு நாள் போதும்."

"அப்ப என்ட வேல போச்சா?" என்றார் றபீக் காக்கா. நான் சிரித்தேன். கண்ணும் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆட்டம் வாய்க்கால் வழக்கைத் தீர்த்தது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. பள்ளியில் குத்பாப் பிரசங்கத்தில் என்ன கேட்டார்களோ, ஆறு ஏக்கர் தரிசாகும் பயமோ, ஜவ்பருடைய அக்காவின் முகமோ. வெளியூர்க்காரன் எனக்குத் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் யோசித்ததெல்லாம் என் தோல்விகளைத்தான். அநேகமானவை, ஒரு காயை விடமாட்டேன் என்று நின்று தோற்றவை.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை என்றால் பன்னிரண்டுக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள், ஒன்றரை வரை எதுவும் கிடைக்காது. கல்முனையிலிருந்து ஓட்டோவுக்கு 500க்கு மேல் கொடுக்க வேண்டாம், குடை கொண்டு போங்கள். அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் பின்னேரம் குறைவு, நாலரைக்குள் அங்கே நில்லுங்கள். உதாரணம் சொல்வதற்கு முன் யாருக்கு எங்கே வயல் என்று விசாரியுங்கள். விளையாட ஆசையென்றால் காய் கொண்டு போகத் தேவையில்லை. கறுப்பும் வெள்ளையும் இப்போது றபீக் காக்காவின் அலமாரியில், ஒரே பையில் இருக்கின்றன.