ஒரு கட்டை மிருதங்கத்தோடு பிரிக்பீல்ட்ஸ் கச்சேரிக்கு

தைப்பூசம் கழிந்த மறு ஞாயிறு, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு கச்சேரி கேட்கப் போனேன். கேட்க மட்டுமல்ல, மடியில் ஒரு மிருதங்கத்தையும் சுமந்துகொண்டு போனேன். அந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் அசட்டுத்தனமும் இதில் வரும். அதை மறைத்தால் எழுதிப் பயனில்லை.

பாடுகிறவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அலமேலு அம்மாள். கச்சேரி நடந்த கோயில் மண்டபத்தில் அதுவரை ஒரு பெண் மேடையேறிப் பாடியதில்லை. சபைச் செயலாளர் தம்பையா, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று மாதம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். சபைத் தலைவர் முருகேசு, அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: கச்சேரியில் குறை வந்தால் அந்த மேடையில் இனிப் பெண்குரல் கேட்காது.

குறை சனிக்கிழமையே வந்துவிட்டது. அம்மாளோடு வந்த மிருதங்கக்காரரின் வாத்தியம் கப்பலில் ஈரம் குடித்திருந்ததால், அதன் தோல் சுருதி சேர்க்கும்போது கிழிந்துபோயிற்று. எங்கள் பஜனைக் குழுவிடம் ஒன்று இருப்பது தெரிந்து தம்பையா எனக்குத் தந்தி அடித்தார். சங்கீதம் தெரிந்தவன் என்று கிள்ளானில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பகல் ஒன்று பத்துக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு அறுபது காசு, இருபத்தொரு மைல், ஒன்றேகால் மணி நேரம். பத்து தீகா நிலையத்தருகே மழை பிடித்துக்கொண்டதால் மிருதங்கத்தைக் கம்பளியில் சுற்றி அணைத்துக்கொண்டேன். கோலாலம்பூர் நிலையத்திலிருந்து மண்டபம் ஒரு மைலுக்குள்தான். ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு. வண்டிக்காரச் சீனர் மூட்டையைக் காட்டி, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று மலாயில் விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் சிரித்தது அதுதான் கடைசி.

மூன்று மணிக்கு மிருதங்கக்காரர் கம்பளியை அவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது ஒரு கட்டை. அம்மாவுக்கு அஞ்சு கட்டை."

கட்டை என்பது சுருதியின் அளவு. ஒரு மிருதங்கம் ஒரு சுருதிக்குத்தான் பேசும். இது ஆண்குரலுக்கு ஏற்றது. என்ன சுருதி என்பதுதான் யாரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் எங்கள் பஜனையில் ஆண்கள் மட்டும்தான் பாடுவோம். மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதியை ஏற்றிப் பார்த்தார். இன்னும் தட்டினால் இதுவும் கிழியும் என்று நிறுத்தி, பழையபடி இறக்கிவிட்டார். கச்சேரி ஐந்து மணிக்கு. தப்பு என்னுடையது என்று அலமேலு அம்மாளிடம் சொன்னேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "என் மத்திமத்தையே சட்ஜமா வச்சுக்கறேன். அது ஒரு கட்டையிலதான் வந்து நிக்கும்" என்றார்.

தம்பையா பதறினார். "அப்பிடிப் பாடுறதுக்குச் சின்னச் சின்ன உருப்படிதானே அம்மா இருக்கு. ரெண்டு மணித்தியாலம் என்னெண்டு?"

"இருக்கறதைப் பாடறேன்."

குறிஞ்சி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை. நாலாவது ஸ்வரமான மத்திமத்தையே ஆதாரமாக வைத்துப் பாடும் மத்திம சுருதி என்றால் இப்படிச் சில ராகங்கள்தான். கச்சேரி முடிகிற நேரத்தில் ஒன்றிரண்டு பாடுவார்கள். இங்கே கச்சேரியே அதுதான். முன்வரிசையில் தோடி, பைரவி போன்ற பெரிய ராகங்களுக்குக் காத்திருந்தவர்கள் முதல் பாட்டிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதாகக் குறிஞ்சியில் ஒரு தாலாட்டு. பாதியில் முருகேசு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். தம்பையா தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று நான் நொந்துகொண்டேன். மேடையில் இருந்தவர் மட்டும் நிறுத்தவில்லை. எழுந்துபோனவருக்காக அவசரப்படாமல் அடுத்த வரிக்குப் போனார்.

கால் மணி நேரம் கழித்துப் பக்கவாசலில் முருகேசு மறுபடி தெரிந்தார். பின்னால், பக்கத்திலிருந்த வீட்டிலிருந்து அவர் அழைத்துவந்த மனைவி, வீட்டுச் சேலையோடு, ஈரக்கையைத் துடைத்தபடி நின்றார். அதற்குமுன் அந்த அம்மாள் எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லையாம்.

"இவவும் இருந்து கேக்கட்டும்" என்றார் முருகேசு.

சங்கீதம் என்றால் பெரிய ராகத்தை விரித்து வித்தை காட்டுவது என்று நினைத்திருந்தவன் நான். வீட்டில் தொட்டில் ஆட்டுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

இனிப் போகிறவர்களுக்கு: கிள்ளானுக்குத் திரும்ப எட்டு ஐந்துக்கு வண்டி உண்டு. குடை அவசியம். வாத்தியம் கொண்டுபோனால் சுருதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அலமேலு அம்மாளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் அங்கே பாடிவிட்டார்கள். வீட்டுப் பெண்களை அழைத்துப் போவதானால் நாலரைக்கே போய்விடுங்கள், பிந்தினால் இடம் கிடைக்காது. முன்னால் இருக்கும் பாயில் மட்டும் உட்காரவேண்டாம். அது முருகேசுவின் மனைவிக்காக, முருகேசுவே வந்து விரித்துவைப்பது.